இயற்பியல் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள்

பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவர்களுக்கும் இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் வந்தாலும் அதே சில சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றை அவர்கள் கேட்கும் விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

நன்றாகக் கணக்குப் போடுபவர்களும் இந்த இடங்களில் தடுமாறுகிறார்கள். விசை, வேகம், ஆற்றல் என எதைச் சொன்னாலும் அது எந்தப் பொருளைப் பற்றியது, எங்கிருந்து அளந்தது என்ற இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சூத்திரத்தில் இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கீழே உள்ள பல குழப்பங்கள் இதைக் கேட்டுக்கொண்டாலே தீர்ந்துவிடும்.

1. கடையில் எடையைக் கிலோவில்தானே சொல்கிறார்கள்? பாடத்தில் மட்டும் ஏன் நியூட்டன்?

கடைக்காரர் கிலோவில் சொல்வது நிறை. ஒரு பொருளின் இயக்கத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு அது. எங்கே கொண்டுபோனாலும் மாறாது. அந்தப் பொருளைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதே எடை. 1 கிலோ நிறையைப் பூமி சுமார் 9.8 நியூட்டன் விசையால் இழுக்கிறது. நிலவு இழுப்பது சுமார் 1.6 நியூட்டன்தான்.

இரண்டு தட்டுத் தராசு நிலவிலும் சரியாகக் காட்டும், ஏனென்றால் இரு தட்டிலும் இழுப்பு ஒரே விகிதத்தில் குறைகிறது. சுருள்வில் தராசு அப்படியல்ல. பூமியிலேயே ஒரு கிலோவுக்கான இழுப்பு நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83 நியூட்டன். இந்த அரை சதவீத வித்தியாசம் ஏன் வருகிறது என்பதை 4-ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

2. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்றால் இரண்டும் ரத்தாகிவிடாதா? பிறகு மாடு எப்படி வண்டியை இழுக்கிறது?

ரத்தாக வேண்டுமானால் இரண்டு விசைகளும் ஒரே பொருளின் மீது இருக்க வேண்டும். இங்கே மாடு இழுப்பது வண்டியை; வண்டி இழுப்பது மாட்டை. வண்டி நகருமா என்று தெரிய வேண்டுமென்றால் வண்டியின் மீது உள்ள விசைகளை மட்டும் எழுதுங்கள். மாடு முன்னால் இழுக்கிறது, சக்கரத்தின் உராய்வு பின்னால் இழுக்கிறது. முதலாவது பெரிதாக இருந்தால் வண்டி வேகமெடுக்கும். மாட்டுக்குத் தனியாக எழுதினால், வண்டி அதைப் பின்னால் இழுக்கிறது. குளம்பு தரையைப் பின்னால் தள்ளுவதால் தரை மாட்டை முன்னால் தள்ளுகிறது. சேற்றில் எவ்வளவு பலமான மாடும் திணறுவது இந்தத் தரையின் தள்ளல் கிடைக்காததால்தான்.

இதே இடத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. மேசை மேல் இருக்கும் புத்தகத்தின் எடையையும் மேசை மேல்நோக்கித் தள்ளும் விசையையும் செயல், எதிர்ச்செயல் ஜோடி என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே புத்தகத்தின் மீது இருப்பதால் அவை ஜோடியாக இருக்க முடியாது. பூமி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. சந்தேகம் இருந்தால் மேசையை மேல்நோக்கி வேகமெடுக்கும் லிஃப்டில் வையுங்கள். மேசையின் தள்ளல் எடையைவிட அதிகமாகிவிடும். உண்மையான ஜோடி எந்த நிலையிலும் சமமாகவே இருக்கும்.

3. விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாததால்தானே வீரர்கள் மிதக்கிறார்கள்?

இல்லை. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு முடுக்கம் (விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் கூடும் அளவு) சுமார் 8.7 மீட்டர்/வினாடி², தரையில் இருப்பதில் ஏறத்தாழ ஒன்பதில் எட்டுப் பங்கு. ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலையம் நேர்கோட்டில் ஓடிப்போயிருக்கும், பூமியைச் சுற்றியே வந்திருக்காது.

கணக்காகப் பார்த்துவிடுவோம். நிலையம் ஒரு வினாடியில் சுமார் 7.66 கி.மீ. பக்கவாட்டில் போகிறது. அதே வினாடியில் 8.7-இல் பாதி, அதாவது 4.3 மீட்டர் கீழே விழுகிறது. பூமியின் மையத்திலிருந்து 6,770 கி.மீ. ஆரமுள்ள வட்டம், 7.66 கி.மீ. தூரத்தில் தொடுகோட்டிலிருந்து எவ்வளவு வளைகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்: அதுவும் 4.3 மீட்டர்தான். விழுந்த அளவுக்கே பாதையும் வளைவதால் உயரம் குறைவதில்லை. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாக விழுகிறார்கள். தரை அவர்கள் காலைத் தள்ளுவதில்லை. நாம் எடை என்று உடலில் உணர்வது பூமியின் இழுப்பை அல்ல, 2-ஆம் கேள்வியில் வந்த அந்த மேல்நோக்கிய தள்ளலை.

4. மையவிலக்கு விசை உண்மையா பொய்யா? ஒரு புத்தகத்தில் உண்டு என்கிறார்கள், இன்னொன்றில் இல்லை என்கிறார்கள்.

எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. பஸ் இடப்பக்கம் வேகமாகத் திரும்பும்போது நீங்கள் வலப்பக்கம் சாய்கிறீர்கள். சாலையோரம் நிற்பவருக்கு உங்களை வெளியே தள்ளும் எதுவும் தெரியாது. நீங்கள் நேராகப் போகப் பார்க்கிறீர்கள், பஸ் திரும்புகிறது, பஸ்ஸின் சுவர் உங்களை உள்நோக்கித் தள்ளித் தன்னோடு திருப்புகிறது. அவர் கணக்கில் மையநோக்கு விசை மட்டுமே உண்டு. பஸ்ஸுக்குள் இருந்தே கணக்குப் போட விரும்பினால், நியூட்டன் விதி பொருந்துவதற்காக வெளிநோக்கி ஒரு விசையைச் சேர்த்தே ஆக வேண்டும். அதுதான் மையவிலக்கு விசை. ஒரே கணக்கில் இரண்டு பார்வைகளையும் கலந்தால்தான் தவறு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. 2-ஆம் கேள்வியில் சொன்ன ஜோடியைத் தேடுங்கள். சுவர் உங்களைத் தள்ளுகிறது, நீங்கள் சுவரைத் தள்ளுகிறீர்கள். மையவிலக்கு விசைக்கு அப்படி ஜோடியாக எந்தப் பொருளும் கிடைக்காது.

அதற்காக இதைப் பயனற்றது என்று ஒதுக்க முடியாது. நாமே சுழலும் பூமியின் மேல் நின்றுதான் அளக்கிறோம். முதல் பதிலில் வந்த 9.78-க்கும் 9.83-க்கும் இடையிலான 0.05 வித்தியாசத்தில் ஏறத்தாழ 0.03 பூமியின் சுழற்சியால் வருவது. மீதி, பூமி நடுப்பகுதியில் புடைத்திருப்பதால்.

5. உந்தமும் இயக்க ஆற்றலும் இரண்டுமே வேகத்தைத்தானே சொல்கின்றன? ஒன்று போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நல்ல சகவாசத்தில் இருக்கிறீர்கள். ஐரோப்பாவின் பெரிய அறிஞர்கள் இதே கேள்விக்காகப் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். இயக்கத்தின் உண்மையான அளவு நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது (இன்றைய உந்தம்) என்று பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த்தின் வழிவந்தவர்கள் சொன்னார்கள். நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்க வேண்டும் (அதில் பாதிதான் இன்றைய இயக்க ஆற்றல்) என்று 1686-இல் ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் எழுதினார். பிறகு ஹாலந்தில் கிராவசாண்டே என்பவர் பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மெத்தென்ற களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். வேகம் இரு மடங்கானபோது குண்டு பதிந்த குழி நான்கு மடங்கானது. இந்தச் சோதனையின் முக்கியத்துவத்தைப் பிரான்சில் எடுத்துச் சொன்னவர் எமிலி து ஷாத்லே என்ற பெண் அறிஞர்.

இரண்டு தரப்பும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கி.மீ. என்பது வினாடிக்கு 10 மீட்டர். பிரேக் ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் 5 மீட்டரைக் குறைக்கிறது என்று வையுங்கள். 2 வினாடியில், 10 மீட்டர் தூரத்தில் வண்டி நின்றுவிடும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வந்தால்? நிற்க 4 வினாடி, ஆனால் 40 மீட்டர். நேரம் இரு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. விசை எவ்வளவு நேரம் செயல்பட வேண்டும் என்பதை உந்தம் சொல்கிறது. எவ்வளவு தூரம் செயல்பட வேண்டும் என்பதை இயக்க ஆற்றல் சொல்கிறது. சாலையில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கும் வண்டிக்கும் இடையே இருப்பது தூரம். ஆகவே வண்டி ஓட்டுபவர்கள் மனத்தில் வைக்க வேண்டியது வர்க்கத்தை.

இன்னொரு வேறுபாடு, உந்தத்துக்குத் திசை உண்டு. சம நிறையுள்ள இரண்டு களிமண் உருண்டைகள் ஒரே வேகத்தில் எதிரெதிரே வந்து ஒட்டிக்கொண்டால் மொத்த உந்தம் முன்பும் சுழி, பின்பும் சுழி. இயக்க ஆற்றல் அப்படி ரத்தாகாது. அது களிமண்ணை நசுக்குவதிலும் சூடாக்குவதிலும் செலவாகிவிடுகிறது.

6. ஓடும் ரயிலில் பந்து எறிந்தால் தரையிலிருந்து பார்ப்பவருக்கு அதிக ஆற்றல் கிடைத்ததாகத் தெரிகிறதே, அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எண்களோடு பார்ப்போம். ரயில் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது. உள்ளே நிற்பவர் 1 கிலோ பந்தை முன்னோக்கி வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் எறிகிறார். அவர் கணக்கில் பந்து பெற்ற ஆற்றல் அரை ஜூல். தரையில் நிற்பவர் கணக்கில் பந்தின் வேகம் 20-இலிருந்து 21 ஆகிறது. 441-இலிருந்து 400-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 20.5 ஜூல். கை கொடுத்தது அரை ஜூல் என்றால் மீதி 20 ஜூல் எங்கே?

பந்தை முன்னால் தள்ளியவரைப் பந்து பின்னால் தள்ளியது (2-ஆம் கேள்வி). அவர் கால் ரயிலின் தரையைப் பின்னால் தள்ளியது. பந்து பெற்ற 1 அலகு உந்தத்தை ரயில் இழந்தது. ரயிலின் வேகம் குறைந்த அளவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் 20 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒன்று 1 அலகு உந்தத்தை இழந்தால் அதன் ஆற்றலில் 20 ஜூல் குறையும். தரையிலிருந்து பார்த்தால் பந்துக்கு 20.5 வரவு, ரயிலுக்கு 20 செலவு, நிகரம் அரை ஜூல். கை கொடுத்தது சரியாக அவ்வளவுதான்.

ஆற்றலின் அளவு பார்ப்பவரைப் பொறுத்து மாறும். ஆற்றல் அழியாது என்ற விதி எல்லாப் பார்வையிலும் பொருந்தும். ஆனால் எந்தப் பொருளையும் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது. இங்கே எல்லோரும் ரயிலை விட்டுவிடுகிறார்கள்.

7. கம்பியில் எலக்ட்ரான் நத்தையைவிட மெதுவாகப் போகிறதாம். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எப்படி உடனே எரிகிறது?

மெதுவாகப் போகிறது என்பது உண்மை. ஒரு கன மீட்டர் தாமிரத்தில் சுமார் 8.5 × 10²⁸ கடத்தும் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் அவற்றின் இழுப்புத் திசைவேகம் வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நகர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம் என்பதால் நிலைமை இன்னும் விசித்திரம்: எலக்ட்ரான்கள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூரம் முன்னும் பின்னும் அசைகின்றன, அவ்வளவுதான்.

விளக்குக்குப் போய்ச்சேர வேண்டியது சுவிட்சிலிருக்கும் எலக்ட்ரான் அல்ல. கம்பி முழுவதும், விளக்குக்குள்ளும், எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. சுவிட்சைப் போட்டதும் மின்புலத்தில் ஏற்படும் மாற்றம் ஒளிவேகத்துக்கு நெருக்கமான வேகத்தில் பரவுகிறது. எதன் வேகம் என்று கேட்டால் குழப்பம் போய்விடும்.

8. டிஒய் பை டிஎக்ஸ் பின்னமா இல்லையா? கணித ஆசிரியர் இல்லை என்கிறார். இயற்பியல் ஆசிரியர் டிஎக்ஸ்-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பெருக்குகிறார்.

வகைக்கெழு என்பது பின்னங்களின் எல்லை மதிப்பு. இரண்டு சிறு மாற்றங்களின் விகிதம் எதை நெருங்குகிறதோ அதுதான். லைப்னிட்ஸ் அதைப் பின்னம்போல எழுதினார். சுழியா, சுழியில்லையா என்று தெரியாத அளவுகளை வைத்துக் கணக்குப் போடுகிறீர்களே என்று 1734-இல் பாதிரியார் பெர்க்லி கேட்டார், நியாயமான கேள்வி. 19-ஆம் நூற்றாண்டில் கோஷி, வைஸ்ட்ராஸ் இருவரும் எல்லை என்ற கருத்தைத் துல்லியமாக்கிய பிறகே அதற்கு முழுப் பதில் கிடைத்தது.

கதிரியக்கச் சிதைவுச் சமன்பாட்டில் மாறிகளைப் பிரித்து இரு பக்கமும் தொகையிடுகிறோமே, அது சங்கிலி விதியின் சுருக்கெழுத்து. ஒரே ஒரு மாறியைச் சார்ந்த கணக்குகளில் இந்தச் சுருக்கு வழி உங்களைக் கைவிடாது. பகுதி வகைக்கெழுவில் கைவிடும். ஒரு வாயுவில் அழுத்தத்தைக் கனஅளவு பொறுத்தும், கனஅளவை வெப்பநிலை பொறுத்தும், வெப்பநிலையை அழுத்தம் பொறுத்தும் வகையிட்டு மூன்றையும் பெருக்குங்கள். பின்னமாக அடித்தால் 1 வர வேண்டும். நல்லியல்பு வாயுச் சமன்பாட்டை வைத்துப் போட்டுப் பார்த்தால் வருவது மைனஸ் 1. முதல் வகைக்கெழுவில் வெப்பநிலை மாறாமல் இருக்கிறது, இரண்டாவதில் அழுத்தம், மூன்றாவதில் கனஅளவு. எதை மாறாமல் வைத்து என்பதை எழுதாமல் விட்டால் மேலேயும் கீழேயும் இருப்பவை ஒரே அளவு என்று ஏமாந்துவிடுவோம்.

9. மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலமே கிடையாது என்றார்கள். அதை வைத்து நிஜமான மின்சுற்றை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

எண்கோட்டில் ஓர் எண்ணை மைனஸ் ஒன்றால் பெருக்கினால் அது 180 பாகை திரும்பி மறுபக்கம் போகிறது. இரண்டு முறை செய்தால் 180 பாகை வர வேண்டிய செயல் எது? 90 பாகைத் திருப்பம். கோட்டில் அதற்கு இடமில்லை, தளத்தில் இருக்கிறது. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தால் பெருக்குவது அந்தக் கால் சுற்றுத் திருப்பமே.

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி. மின்தேக்கி ஒன்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குக் கால் சுற்று, அதாவது 5 மில்லிவினாடி, முந்துகிறது. அந்தக் கால் சுற்றை எழுத இந்த எண் மிகப் பொருத்தம். சைன், கொசைன் வைத்தும் இதையே செய்யலாம், பக்கங்கள்தான் கூடும். மின்பொறியாளர்களிடம் இந்த முறையை 1890-களில் பரப்பியவர் ஸ்டைன்மெட்ஸ்.

10. வெக்டர் பெருக்கலுக்கு ஏன் வலக்கை விதி? இடக்கையை வைத்தால் இயற்கை மாறிவிடுமா?

மாறாது. காந்தப்புலத்தின் திசையை முடிவுசெய்ய ஒரு முறை வலக்கையைப் பயன்படுத்துகிறோம், அந்தப் புலம் மின்னோட்டத்தின் மீது செலுத்தும் விசையைக் காண மறுபடியும் பயன்படுத்துகிறோம். இரண்டு முறையும் இடக்கையாக மாற்றினால் இரண்டு தலைகீழ்களும் சேர்ந்து பழைய விடையே வரும். நாம் நேரில் பார்ப்பது விசையை. அதன் திசை கையைப் பொறுத்ததல்ல. ஆனால் அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் பீட்டாச் சிதைவில் இயற்கை உண்மையாகவே வலம், இடம் பார்க்கிறது. 1957-இல் வெளியான வூ அம்மையாரின் கோபால்ட்-60 சோதனை அதைக் காட்டியது.

11. ஒளிக்கு நிறை இல்லை என்றால் உந்தமும் சுழியாகத்தானே இருக்க வேண்டும்?

நிறை பெருக்கல் திசைவேகம் என்பது ஒளியைவிட மிக மெதுவாகப் போகும் பொருள்களுக்கான சூத்திரம். முழுச் சூத்திரத்தில் ஆற்றலின் வர்க்கம் இரண்டு உறுப்புகளின் கூட்டல்: உந்தத்தையும் ஒளிவேகத்தையும் பெருக்கியதன் வர்க்கம், நிறையையும் ஒளிவேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதன் வர்க்கம். பொருள் ஓய்வில் இருந்தால் முதல் உறுப்பு போய், எல்லோருக்கும் தெரிந்த ஐன்ஸ்டைன் சமன்பாடு மிஞ்சும். நிறை சுழியானால் இரண்டாவது உறுப்பு போகும். உந்தம், ஆற்றலை ஒளிவேகத்தால் வகுத்தது.

1923-இல் காம்ப்டன், எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களில் மோதித் திரும்பும்போது அலைநீளம் கூடுவதை இந்த உந்தத்தை வைத்தே விளக்கினார். பூமியின் தூரத்தில் சூரிய ஒளி ஒரு சதுர மீட்டர் கறுப்புத் தகட்டின் மீது சுமார் 4.5 மைக்ரோநியூட்டன் விசை செலுத்துகிறது. 2010-இல் ஜப்பான் ஏவிய இகாரோஸ் விண்கலம் பாய் விரித்து இந்தத் தள்ளலைப் பெற்றுக்காட்டியது.

12. அளக்கும்போது எலக்ட்ரானைத் தொந்தரவு செய்துவிடுகிறோம், அதனால்தானே நிச்சயமற்றதன்மைக் கோட்பாடு? நல்ல கருவி வந்தால் சரியாகிவிடாதா?

ஓர் எலக்ட்ரானின் இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்தில் முழுத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதே அந்தக் கோட்பாடு. தொந்தரவுதான் காரணம் என்பது 1927-இல் ஹெய்சன்பெர்க் கொடுத்த நுண்ணோக்கி விளக்கத்தால் வந்த எண்ணம். பாடப்புத்தகங்களும் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. அதே ஆண்டு கென்னார்ட் கணித முறையில் நிறுவியபோது அதில் கருவியும் இல்லை, தொந்தரவும் இல்லை. அது அலைகளின் பண்பு. ஒலியிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு வினாடி நீடிக்கும் ஒலியின் அதிர்வெண் ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவியிருக்கும். நூறில் ஒரு வினாடியே நீடித்தால் சுமார் 100 ஹெர்ட்ஸ். குறுகிய ஒலியை உண்டாக்கப் பல அதிர்வெண்களைக் கூட்டியாக வேண்டும். ஒலிவாங்கியின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. எலக்ட்ரானுக்கு உந்தம் என்பது அலைநீளத்தோடு கட்டப்பட்டது என்று 1924-இல் தெ பிராய் சொன்னார். அலையை ஓரிடத்தில் குறுக்கினால் அலைநீளங்கள் பெருகும், உந்தம் பரவும்.

மேலே பல கேள்விகளுக்கு எங்கிருந்து அளந்தது என்று கேட்டதும் விடை கிடைத்தது. இங்கே அது உதவாது, ஏனென்றால் யாரும் அளக்காதபோதும் இந்தப் பரவல் இருக்கிறது. ஹீலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அணு லேசானது, அணுக்களிடையே ஈர்ப்பும் மிகக் குறைவு. திடப்பொருளாக வேண்டுமானால் ஒவ்வோர் அணுவும் தன் இடத்தில் அடங்க வேண்டும். அடங்கினால் உந்தம் பரவி, அந்த அசைவே கட்டமைப்பைக் கலைத்துவிடுகிறது. அதனால் சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் ஹீலியம் உறைவதில்லை. தனிச்சுழி வெப்பநிலைக்கு அருகிலும் அதைத் திடமாக்க வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 25 மடங்கு அழுத்தம் தேவை.